நெறி

காலில் முள் குத்திப் பழுத்தால்
தொடை இடுக்கில் நெறி கட்டும்.
புண் ஆறினால் அதுவும் போகும்.
எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இடது கக்கத்தில் கட்டியபோது
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
முள்ளில்லை,
அரிவாள்மணைக் கீறல்கூட இல்லை.

ஆறு வருடம் முன்பு
அந்தப் பக்கத்து மார்பை
நெய்யூரில் எடுத்திருந்தார்கள்.
அதனால் முள்ளைத் தேட வேண்டாமென்று
எல்லோருக்கும் தெரிந்திருந்தது,
திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்த பையனுக்கும்.
படத்தில் அது
விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குள்
ஒற்றை ஆளின் தலைவிளக்குபோல
எரிந்துகொண்டிருந்தது.

"பரவியிருக்கலாம்" என்றார் டாக்டர்.
அந்த 'லாம்'
பாறசாலை தாண்டுமுன் பஸ்ஸிலேயே
உதிர்ந்துவிட்டது.
திருவட்டாறில் இறங்கும்போது
கையில் இருந்தது
'பரவியிருக்கு' மட்டும்.

சதையைக் கிள்ளி அனுப்பினார்கள்.
முடிவு வர மூன்று வாரம்.
சும்மா இருக்கத் தெரியாதவள் நான்.
மகளிர் குழுக் கணக்கை
பெர்சிலாளிடம் ஒப்படைத்தேன்.
சீட்டைத் தள்ளி எடுத்தேன், நஷ்டத்துக்கு.
மரச்சீனி அவித்தால்
முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டுமென்று
மகனுக்குச் சொன்னேன்.
அவன் நோட்டில் எழுதிக்கொண்டான்.
அதைப் பார்க்க முடியவில்லை எனக்கு.
நல்ல சேலைகளைப் பங்கு வைத்தேன்,
நீலக்கரை போட்டதை மட்டும் விட்டு.
அது பெட்டிக்குள் உடுத்த.

பிறகு வேலியோரம் போய்
கனகபாய் மைனியைக் கூப்பிட்டேன்.
பதினொரு வருடம் பேசாத மைனி.
முக்கால் சென்ட் மண், அதில் நிற்கும் ஓர் அயினி மரம்.
"நீங்களே வச்சுக்கிடுங்க மைனி,
எனக்க மனசுல ஒண்ணும் இல்ல."
அவள் அழுதாள். நானும்.
போகப்போகிறவளின் தாராளம் இருக்கிறதே,
அதன் ருசியே தனி.

இருபத்திரண்டாம் நாள்
அந்த மலையாளத்து டாக்டரம்மா
எங்களை உள்ளே கூப்பிட்டு
முதலில் கதவைச் சாத்தினாள்.
ராபின்சிங் என் கையைப் பிடித்தான்.
ரப்பர் பால் நாற்றமடிக்கும் கை.
"மற்றேதல்ல" என்றாள்.
எங்களுக்கு விளங்கவில்லையென்று
மறுபடி சொன்னாள்: "மற்றேதல்ல."

கணினியில் படம் காட்டினாள்.
வட்டத்துக்குள் வட்டமாய்,
குறுக்கே வெட்டிய உள்ளியின் தோல்போல அடுக்கடுக்காய்.
தன் சர்வீசில் இது இரண்டாவது என்றாள்,
அரிய பறவையைப் பார்த்தவள்போல.
காவலுக்கு வைத்த முடிச்சு ஒன்று
கள்ளன் வராமலே விழித்துக்கொண்டு
விளக்கை ஏற்றி
தன்பாட்டுக்குப் பெருத்திருக்கிறது.
ஏனென்று யாருக்கும் தெரியாது.
ஒன்றே ஒன்றுதான், எடுத்துவிட்டால் போதும்.
பெயர் காசில்மேன்.

"காசு இல்லா மேனா?
அது நானாக்கும் டாக்டரே" என்றான் ராபின்சிங்.
நான் சிரித்த சிரிப்பில்
நர்ஸ் கதவைத் திறந்து பார்த்தாள்.
சிரிப்பு எங்கே அழுகையானது என்று
இன்றும் சொல்லத் தெரியவில்லை.

தையல் பிரித்து வந்த ஞாயிறு
நீலக்கரைச் சேலையை உடுத்திக்கொண்டு
கோயிலுக்குப் போனேன்.
பெர்சிலாள் கணக்கு நோட்டைத் திருப்பித் தந்தாள்.
சேலைகளை யாரும் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்தால்
வேலிக்கு அந்தப்பக்கம்
மைனி அயினி மரத்தில் ஆளேற்றியிருக்கிறாள்.
என் மரம். என் முக்கால் சென்ட்.
சாவை நம்பி நான் கொடுத்தது.
எனக்குள் எங்கோ நெறி கட்டியது.
இதற்கு ஸ்கேன் வேண்டாம்,
முள் எதுவென்று தெரியும்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.
பழுத்ததாய் இரண்டைத் தேர்ந்து
வேலிக்கு மேலே நீட்டினாள்.
"தின்னு பிள்ளே, நல்லா மெலிஞ்சு போனா."
வாங்காமல் என்ன செய்ய?

தித்திப்பாகத்தான் இருந்தது.
கொட்டைகளைக் கழுவி
வெயிலில் போட்டிருக்கிறேன்,
காய்ந்ததும் வறுக்க.